அத்தைக்குப் பேச்சு வராதபோது

"பக்கவாதம் வந்த என் மாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வலது கையும் காலும் விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் 'போ, போ' என்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. நம்மில் பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடது பக்கம். வலது கை கால்களை ஆட்டி வைப்பதும் அதே பக்கம்தான். அதனால் பலருக்கு இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'டான்' என்ற சத்தம்தான் வந்தது. ஆனால் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. சைகையில் பதில் சொன்னார். உங்கள் அத்தையின் 'போ'வும் அந்த ஜாதியாக இருக்கலாம். கோபம் என்று நினைத்து நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்!

நர்ஸாக நான் போன ஒரு வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, "இன்னும் எத்தனை நாளைக்கு இழுத்துக்கிட்டிருக்குமோ" என்று பேசிக்கொண்டார்கள். "பாட்டி ஏம்மா அழறாங்க?" என்று பேரன்தான் கேட்டான். சிலருக்குப் புரிவதும் குறையும், வாஸ்தவம். எவ்வளவு என்று பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்லட்டும். அதுவரை எல்லாம் புரிகிறது என்றே வைத்துப் பேசுங்கள்.

டி.வி.யை நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். கத்தவும் வேண்டாம், குழந்தையைப் போலக் கொஞ்சவும் வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரே கேள்வி. "என்ன வேணும்?" என்பது அவருக்கு மலை. "இட்லியா, கஞ்சியா?" என்று இரண்டையும் காட்டினால் கண்ணாலேயே சொல்லிவிடுவார். மனசுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். 'ஆமாம்', 'இல்லை' சிலருக்கு மாறி வரும். "வலிக்குதா அத்தை?" என்பதற்குத் தலையாட்டினால், கொஞ்சம் விட்டு, "வலி நின்னுடுச்சா?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால் அந்தப் பதிலை நம்பி மாத்திரை கொடுக்கக் கூடாது.

பழைய காலண்டர் அட்டையில் ஆறு படம் ஒட்டுங்கள்: தண்ணீர், சாப்பாடு, கக்கூஸ், போர்வை, மின்விசிறி, மனித உருவம் ஒன்று (வலிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்ட). எழுத்து போதாது; படிப்பதும் பலருக்குத் தடுமாறும். அவருடைய சொந்த டம்ளரையே செல்போனில் படம் பிடித்து ஒட்டினால் இன்னும் நல்லது. வலப்பக்கப் பார்வையும் சிலருக்கு மறைந்திருக்கும். அதனால் அட்டை, கூப்பிட ஒரு பூஜை மணி, இரண்டும் இடது கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

ஒரு விந்தை: பேச வராதவர் பாடுவார்! தெரிந்த தாலாட்டை நீங்கள் ஆரம்பித்துப் பாருங்கள். அதே வார்த்தையைத் தனியாகக் கேட்டால் வராது, அதற்காக வற்புறுத்தாதீர்கள்.

தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குரல் களகளத்தாலோ மட்டும் அட்டை, பாட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வாய்வழி எதுவும் கொடுக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.