தோலை அளந்த பிறகே காடி வெட்டுவோம்

பூல் க்யூவின் கைப்பிடிக்குத் தோல் சுற்றும் வேலை வரும்போது, பட்டறைக்காரரும் வாடிக்கையாளரும் அதிக நேரம் பேசுவது நிறத்தையும் வரியையும் விலங்கின் பெயரையும் பற்றித்தான். பல்லித்தோலா, தீக்கோழித்தோலா, மாட்டுத்தோலா என்பது முடிவானதும் க்யூ லேத்தில் ஏறுகிறது, சுற்று அமர்வதற்கான பள்ளம், அதாவது காடி, வழக்கமான ஆழத்தில் வெட்டப்படுகிறது, அதற்குப் பிறகே தோல் கைக்கு வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து. சுற்று பல ஆண்டுகள் அசையாமல் நிற்பதும் சில மாதங்களில் விளிம்பு தூக்கிக்கொள்வதும் பெரும்பாலும் ஒரே ஒரு பொருத்தத்தைச் சார்ந்தவை: ஒட்டி முடித்த தோலின் கனமும் மரத்தில் வெட்டிய காடியின் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கனம் தெரியாமல் மரத்தை வெட்டுவது ஊகத்தின் பேரில் வெட்டுவதுதான்.

அமெரிக்கப் பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கி வந்தது ஐரிஷ் லினன் நூல் சுற்று. நூலை நெருக்கமாகச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். காடியின் ஆழமும் அவ்வளவே. க்யூவுக்கென்று விற்கும் தோலோ பொதுவாக 0.8 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இருக்கும். கண் பொருட்படுத்தாத இந்த வேறுபாட்டைக் கை பொருட்படுத்தும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரமுள்ள படியைக்கூட விரல்நுனி தயங்காமல் கண்டுகொள்ளும். தோல் மரத்தைவிட உயர்ந்து நின்றால், உறையில் செருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு உரசுகிறது. வெட்டுமுகம் வழியாக வியர்வை உள்ளே இறங்கிப் பசையை இளக்குகிறது. தோல் தாழ்ந்து நின்றாலோ, வார்னிஷ் பூசிய மரவிளிம்பு கூராக வெளியே தெரிகிறது, நாளடைவில் சில்லு சில்லாகப் பெயர்கிறது. இரண்டு கோளாறுகளுக்கும் பசையைக் குறை சொல்வது நம் தொழிலில் வழக்கம். பசை பல வேளைகளில் குற்றமற்றது.

விற்பனைச் சீட்டில் உள்ள கனத்தை நம்பி வெட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். குரோம் பதனிட்ட தோல் இழுத்தால் நன்றாக நீளும். தாவரப் பதனத் தோல் ஈரத்தில் வளைந்துகொடுக்கும், ஆனால் காயும்போது சுருங்கி இணைப்பைத் திறந்துவிடக்கூடும். சுற்றி இழுக்கும்போது தோல் மெலிகிறது. தேய்த்து அழுத்தும்போது உட்புற நார்கள் அமுங்குகின்றன. எனவே மேசைமேல் வைத்து அளந்த கனம் வேறு, க்யூவின் மேல் நிற்கும் கனம் வேறு. இரண்டாவதை அறிய எளிய வழி உண்டு. வீணான மரத்துண்டு ஒன்றைக் காடியின் உத்தேச விட்டத்துக்குக் கடைந்து அளந்துகொள்ளுங்கள். அதே தோலிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டை அதே பசையால், அதே இழுப்பில் ஒட்டி, அதே அழுத்தத்தில் தேயுங்கள். ஓர் இரவு விட்டு, இணைப்பிலிருந்து விலகிய இடத்தில் வெர்னியரால் மறுபடி அளந்தால் விட்டம் கூடியிருக்கும். கூடியதில் பாதிதான் நீங்கள் வெட்ட வேண்டிய ஆழம். க்யூ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பருத்துக்கொண்டே போவதால், காடியும் அந்தச் சரிவைப் பின்பற்றி முழு நீளத்துக்கும் ஒரே ஆழத்தில் ஓட வேண்டும்.

அந்தச் சரிவு தோலை வெட்டும் முறையையும் மாற்றுகிறது. காடியின் அடிவிட்டம் மேல்முனையில் 27 மி.மீ., கீழ்முனையில் 31 மி.மீ., நீளம் 305 மி.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 84.8-லிருந்து 97.4 மி.மீ. ஆகிறது; ஆகவே தோல் ஒரு பக்கம் அகன்றிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூம்பை விரித்தால் அதன் முனைகள் நேர்கோடாக வருவதில்லை, லேசான வில்லாக வருகின்றன. இந்த அளவுகளில் அந்த வளைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அளவுகோல் வைத்து நேராக வெட்டிய தோலை இணைப்பில் சரியாகப் பொருத்தினால், இணைப்புக்கு நேர் எதிரே கீழ்முனையில் அரை மி.மீ. இடைவெளி விழும், மேல்முனையில் தோல் மரத்தின்மேல் ஏறும். எனவே முனைகளைச் சற்று நீளமாக விட்டு, மரத்தில் டேப் ஒட்டிப் பாதுகாத்து, லேத்தைக் கையால் மெல்லச் சுழற்றி விளிம்போரமாகவே பிளேடால் அறுப்பது நல்லது. நீளவாட்டு இணைப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இரண்டு அடுக்கையும் ஒரே வெட்டில் அறுத்தால், இரு ஓரங்களும் தாமாகவே ஒத்துப்போகும்.

வாடிக்கையாளர் அழகுக்குத்தானே பணம் தருகிறார் என்பது நியாயமான கேள்வி. அழகை விட்டுவிடச் சொல்லவில்லை. தோலை அவரே தேர்ந்தெடுக்கட்டும், அதை அளந்த பிறகு நாம் வெட்டுவோம். திருக்கைத் தோலின் மணிகள் இழுப்புக்கு இசையாது, பல்லித்தோலின் செதில்கள் கனத்தில் சீராக இருப்பதில்லை என்பதை அவரிடம் முன்னதாகவே சொல்வதும் நம் கடமை. பல்லி வரி அச்சிட்ட மாட்டுத்தோல் கனத்தில் சீராகக் கிடைக்கிறது. சட்டச் சிக்கலும் அதில் இல்லை. இந்தியாவில் உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முதலை இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

காடியை ஆழப்படுத்தித் தோல் சுற்றினால் எடையும் சமநிலையும் மாறிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன அளவில் 0.8 மி.மீ. தோல் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். அதற்கு இடம்விட்டு வெளியேறும் மேப்பிள் மரம் 15 கிராம் அளவில் இருக்கும். 540 கிராம் க்யூவில் கூடுவது ஏறத்தாழ 5 கிராம்தான். இதைவிட வலுவான ஆட்சேபம், வெட்டிய மரம் திரும்பி வராது என்பது. அதை முழுமையாக ஏற்கிறோம். முன்பகுதியும் கைப்பிடியும் சேரும் இணைப்பு பல க்யூக்களில் காடியின் மேல்விளிம்பை ஒட்டியே இருப்பதால், அங்கே ஒவ்வொரு வெட்டுக்கும் முன் யோசிக்க வேண்டும். புகழ்பெற்ற க்யூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 முதல் 1975 வரை செய்த க்யூக்களைப் போன்றவற்றில் லினன் காடி இருந்தால் அதை லினன் காடியாகவே விட வேண்டும். காடி ஏற்கெனவே ஆழமாக இருந்தால் தோலுக்கு அடியில் மெல்லிய தாள் ஒட்டிச் சரிக்கட்டுவதிலும் தவறில்லை. ஆனால் இந்த விதிவிலக்குகள் எல்லாமே அளந்து பார்த்தவருக்குத்தான் பயன்படும்.

வேலைச்சீட்டில் மூன்று எண்களை எழுதும் பழக்கம் ஒவ்வொரு பட்டறையிலும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: தோலின் மேசைக் கனம், சோதனைத் துண்டில் கிடைத்த கனம், வெட்டிய ஆழம். அந்தச் சீட்டின் நகல் க்யூவோடு போகட்டும். தேய்ந்த தோலை மாற்ற அதே க்யூ வேறொரு பட்டறைக்கு வரும்போது, அங்கிருப்பவர் மரத்தை மறுபடி வெட்டாமலே பொருத்தமான தோலைத் தேடிக்கொள்ள முடியும்.