ஹோஸைக் கழற்றிவிட்டுப் பேடைத் தொடு

கோவையில் கார் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஏர் பாலிஷரில் ஷாக் அடிக்காது என்பதாலேயே பையன்கள் அதை விளையாட்டுச் சாமானாக நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிஷர்களுக்கு 90 பிஎஸ்ஐ போதும். கம்ப்ரசர் டேங்கில் அதைவிட அதிகம் நிற்கும். ரெகுலேட்டரைக் கருவி ஓடும்போதே பார்த்து வைக்க வேண்டும். சும்மா நிற்கும்போது காட்டும் எண் லிவரை அழுத்தியதும் இறங்கிவிடும். காலையில் டேங்கின் அடிவால்வைத் திறந்து துருத்தண்ணீரை வடித்துவிட்டு, கருவியின் காற்று வாயில் இரண்டு சொட்டு எண்ணெய். அது பெரிய வேலையில்லை.

நான் சண்டை போடுவது பேடுக்காகத்தான். அதில் அச்சடித்த ஆர்பிஎம் கருவியின் வேகத்தைவிடக் குறைவென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், கிழிந்து பறக்கும். மாற்றும்முன் ஹோஸைக் கழற்றி, லிவரை அழுத்தி மிச்சக் காற்றை விட்டுவிட வேண்டும். தோளில் துண்டு, கையில் நூல் கையுறை கூடவே கூடாது. பேட் சுருட்டி இழுத்துவிடும்.

அடுத்தது கண். அதன் பாதுகாப்புக்கென்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருந்தது. சின்னப் பட்டறைக்கு அதெல்லாம் வராது என்பார்கள் முதலாளிகள். கண்ணும் சின்னதா? பாலிஷர் வாங்கக் காசு இருப்பவர் கண்ணாடியும் வாங்கித் தரட்டும். சாயங்காலம் அதே ஹோஸில் சட்டைத் தூசியை ஊதுவதையும் தடுக்கட்டும். தோலில் வெட்டுக்காயம் இருந்தால் காற்று உள்ளே ஏறிவிடும்.