சுருட்டுப் பெட்டிக்குக் காந்தம் எதற்கு?

அமெரிக்காவில் ஏழைகளின் இசைக் கருவி ஒன்று உண்டு. அதுதான் சுருட்டுப் பெட்டி கிடார்!

ஒரு காலிப் பெட்டி. அதில் செருகிய நீளக் கட்டை. மேலே மூன்று, நான்கு கம்பிகள். அவ்வளவுதான்.

1860-களில் அந்த நாட்டில் சுருட்டுக்கு வரி போட்டார்கள். முத்திரை ஒட்ட வசதியாக, சுருட்டைப் பெட்டியில் அடைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காலிப் பெட்டிகள் மூலைக்கு மூலை கிடந்தன. கிடார் வாங்கக் காசு இல்லாதவர்கள் அவற்றை எடுத்துக் கொண்டார்கள்.

பிரபல பாடகர் கார்ல் பெர்க்கின்ஸ், பருத்திக் காட்டில் பாடுபட்ட ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்குத் தந்தை செய்து கொடுத்த கிடார் எது தெரியுமா? சுருட்டுப் பெட்டியும் துடைப்பக் கம்பும்தான்!

இன்றும் பலர் வீட்டில் இதைச் செய்கிறார்கள். ஓசையை ஆம்பிளிபயருக்கு அனுப்ப "பிக்கப்" என்ற கருவி வேண்டும். சிலர் அதிக விலை கொடுத்துக் காந்தப் பிக்கப் வாங்கி மாட்டுகிறார்கள்.

இது வேண்டாத செலவு. காந்தம் இரும்புக் கம்பியின் அசைவைத்தான் அறியும். பெட்டியின் அதிர்வு அதற்கு அநேகமாகத் தெரியாது. கெட்டிப் பலகையில் மாட்டினாலும் ஏறக்குறைய அதே ஓசைதான். பிறகு பெட்டி எதற்கு, அழகுக்கா?

பத்து ரூபாய் நாணயம் அளவு

பீசோ தகடு அப்படி அல்ல. பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள பித்தளை வட்டம். அதன் மேல் வெள்ளைப் பீங்கான். அது அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். 1880-ல் இந்தத் தத்துவத்தைக் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். பியேர், பின்னாளில் மேரி கியூரி அம்மையாரை மணந்தவர்.

பள்ளிக்கூடப் பையன் கூடக் கைக்காசில் வாங்கலாம். அலாரக் கடிகாரத்தில் "பீப், பீப்" என்று கத்துவதும் பெரும்பாலும் இதே தகடுதான்.

கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு நேர் கீழே, மூடியின் உட்புறம் இதை ஒட்ட வேண்டும். பீங்கானில் இருந்து ஓர் ஒயர், பித்தளையில் இருந்து ஓர் ஒயர். இரண்டையும் பெட்டியின் பக்கத்தில் உள்ள ஜாக்கில் பற்ற வைத்தால் வேலை முடிந்தது. ஒயருடன் வரும் தகடே நல்லது. வெறும் தகட்டில் சூடு அதிக நேரம் பட்டால் பீங்கான் பாழ்!

ஊளையிடுகிறதா?

"சட்டைக் கை உரசினாலும் கேட்கிறது, ஆம்பிளிபயர் பக்கம் போனால் ஊளையிடுகிறது" என்று சிலர் குறை சொல்கிறார்கள். உண்மைதான். பெட்டியைக் கேட்கும் காது, பெட்டியில் படும் எல்லாவற்றையும் கேட்கும். தகட்டின் முதுகில் சூட்டுப் பசையைத் தடிப்பாகப் பூசினால் இது பெரிதும் அடங்கும்.

ஓசை தகரம் போல் மெலிந்து கேட்டால், குற்றம் தகட்டின் மேல் அல்ல. அது சேரும் இடம் பொருந்தவில்லை. ஆம்பிளிபயரின் உள்வாயில் 10 லட்சம் ஓம் தடையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவே ஒரு சிறிய பிரீஆம்ப் போதும். அதையும் சேர்த்தால் கூடக் காந்தத்தைவிடச் செலவு குறைவாக முடிக்கலாம்.

ஒட்டும் முன் ஒரு சோதனை. தகட்டை மூடியில் அங்கும் இங்கும் நகர்த்தி வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளினாலே குரல் மாறும். ஒவ்வொரு பெட்டிக்கும் இடம் வேறு.