மோட்டார் வண்டியின் நோயும் ஆராயும் முறையும்

கற்ற கல்வி உற்ற இடத்து உதவாதாயின் அதனாற் பயன் என்னை? இவ்வினாவை ஏட்டிற் படித்தவனாக அன்றிப் பட்டறிந்தவனாக எழுப்புகின்றேன்.

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் ஒருநாள் விடியற்காலையில் என் தமையனார் தம் வாடகை வண்டியின் சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுழலவில்லை, ‘டிக்’ என்றொரு சிற்றொலி எழுந்து அடங்கிற்று. இரயிலுக்குச் செல்லக் காத்திருந்தவர்கள் வேறு வண்டி தேடிச் சென்றனர். அழைத்து வரப்பட்ட பழுது பார்ப்பவர் முன்மூடியைத் திறந்து ஒருமுறை நோக்கி, “பாட்டரி போயிற்று” என்றார். புதிய பாட்டரி வந்தது. பழைய ‘டிக்’ ஒலியே மீண்டும் வந்தது. “அங்ஙனமாயின் ஸ்டார்ட்டர் மோட்டார்தான்” என்றார். அதுவும் மாற்றப்பட்டது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாம் நாள் வந்த முதியவர் ஒருவர், சிறியதொரு மீட்டரைக் கொண்டு கால்மணி நேரம் சோதித்து, இஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் கம்பியின் முனையில் துரு ஏறியிருந்ததைக் காட்டினார். உப்புத்தாளால் அதனைத் தேய்த்து முறுக்கினார். வண்டி உடனே புறப்பட்டது. ஆயின் மூன்று நாள் வருவாயும், மாதத் தவணைக்கென வைத்திருந்த பணமும் அதற்குள் போய்விட்டன.

அம்மூன்று நாளும் யான் அருகில் நின்றேன். ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827-ம் ஆண்டில் வெளியிட்ட விதியைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் யான். அவ்விதி என் தமையனாருக்கு ஒரு காசும் மிச்சப்படுத்தவில்லை. இதுவே என் மனத்தை உறுத்துவது. இக்கட்டுரைக்குக் காரணமும் இதுவே.

புறப்படாத வண்டியை ஆராயும் முறைதான் யாது? முதற்கண் நோயின் வகையைப் பிரித்தறிதல் வேண்டும். இஞ்சின் சுழலாமை ஒன்று. சுழன்றும் எரியாமை மற்றொன்று. இரண்டையும் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்னும் ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகின்றோம். சுழலாத இஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதாலும் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதாலும் யாதொரு பயனும் விளையாது.

இரண்டாவதாக, கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கைப் போட்டு, முன்விளக்குகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்குகள் மங்கி அணையுமாயின் பாட்டரி வலிவிழந்தது, அல்லது அதன் முனைகளிற் பிடிப்பில்லை, அல்லது மோட்டாரோ இஞ்சினோ இறுகிக்கிடக்கின்றது என்று கொள்க. ‘டிக் டிக்’ என விரைவாகப் பல ஒலிகள் எழுமாயின், ஸாலினாய்டு பிடிப்பதும் மின்னழுத்தம் தாழ்வதால் விடுவதுமாக இருக்கின்றது; பெரும்பாலும் இதுவும் பாட்டரி அல்லது அதன் இணைப்பின் குறையே. விளக்குகளும் மங்காமல் ஒலியும் எழாமல் இருப்பின், சாவியின் கட்டளை ஸ்டார்ட்டரைச் சென்று சேரவில்லை. சாவிச் சுவிட்சு, ரிலே, கிளட்ச் சுவிட்சு முதலியவற்றை நோக்குக. தானியங்கிக் கியர் உள்ள வண்டியாயின் பிடியை நிறுத்தத்திலிருந்து நடுநிலைக்கு மாற்றி ஒருமுறை முயல்க. விளக்குகள் மங்காமல் ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்குமாயின், கட்டளை சேர்ந்தது, பெருமின்சாரம் ஓடவில்லை. குறை ஸாலினாய்டின் தொடுமுனைகளிலோ, மோட்டாரின் உள்ளேயோ, தடித்த கம்பிகளின் இணைப்புகளிலோ இருத்தல் வேண்டும்.

எங்கள் வண்டியில் அன்று விளக்குகள் மங்கவேயில்லை. ஆகவே, பாட்டரியை ஐயுறுவதற்கு இடமில்லை என்பதைக் காசு செலவின்றி அப்பொழுதே அறிந்திருக்கலாம். எஞ்சிய மூன்றனுள் எளிதிற் சோதிக்கத்தக்கது கம்பியின் இணைப்பு, விலைமிக்கது மோட்டார். நாங்களோ விலைமிக்கதையே முதலில் மாற்றினோம்.

மூன்றாவது, அளந்து அறிதல். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஓய்விலிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டுமாயின் நிறைந்துள்ளது, 12.2 காட்டுமாயின் பாதியே உள்ளது. இஞ்சினைச் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே தாழ்தல் நன்றன்று. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை இஞ்சினின் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், அரை வோல்ட்டுக்கு மேற் காட்டலாகாது. அம்முதியவர் அளந்தபோது எட்டு வோல்ட்டுக்கு மேற் காட்டிற்று. மோட்டாருக்குச் சேரவேண்டிய வலிமையிற் பெரும்பகுதியை ஒரு விரற்கடைத் துரு விழுங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு நன்கு எரியவும் மோட்டார் சுழலாதது எங்ஙனம் எனில், விடை ஓம் விதியிலேயே உள்ளது. அறுபது வாட் விளக்கு ஐந்து ஆம்பியர் மின்சாரமே கொள்ளும். ஸ்டார்ட்டர் நூற்றைம்பது ஆம்பியரும் அதற்கு மேலும் கொள்ளும். ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்கின் மின்சாரம் அதன் வழியே சென்றால் இழப்பு 0.1 வோல்ட்; கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரின் மின்சாரம் சென்றால் இழப்பு 3 வோல்ட். தடை மிக மிக இழப்பும் மிகும். பள்ளிச் சிறுவனும் செய்யத்தக்க பெருக்கல் இது. யான் அதைச் செய்யவில்லை.

“பெரும்பாலும் பாட்டரிதானே காரணம்? அம்மனிதர் கூறியதிற் பிழை என்ன?” என்று சிலர் வினவலாம். பெரும்பாலும் அதுவே காரணம் என்பது உண்மை. அவரை யான் பழிக்கவுமில்லை. ஆயின், பலர்க்கு உள்ள நோயே இவனுக்கும் இருக்கும் என்று நாடி பாராமல் மருந்தளிக்கும் வைத்தியனை நாம் போற்றுவதில்லை. அனுபவம் எங்கே தேடத் தொடங்குவது என்று காட்டும்; எங்கே முடிப்பது என்று காட்டவேண்டியது சோதனையே. பொருளை மாற்றிப் பார்ப்பதும் ஒருவகைச் சோதனையன்றோ எனின், ஆம். ஆனால் அது பிறர் பணத்திற் செய்யும் சோதனை. தவறினால் இழப்பவர் செய்பவர் அல்லர்.

“இக்காலத்து வண்டிகளிற் கணிப்பொறியே குறையைக் கூறிவிடுமே” என்பாரும் உளர். அக்கருவி தான் உணரும் குறைகளையே குறியெண்ணாகக் காட்டும். துருவேறிய கம்பிமுனையை அது பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. கூறும் குறிப்பையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றிய காலத்தில், அது திருப்பியடித்துக் கை முறிந்தோர் பலர். 1911-ம் ஆண்டில் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் ஆக்கிய மின்சாரத் தொடக்கி, 1912-ம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அமைந்து அவ்விடரை நீக்கத் தொடங்கிற்று. அரும்பாடுபட்டு ஒருவர் ஆராய்ந்து அளித்த வசதியை, ஆராயாமலே நுகரும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். வசதியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதனை அறியாமலே கல்வி முடிந்தது என்று எண்ணும் நம் மனநிலையையே குறைகூறுகின்றேன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். நம் பௌதிகச் சோதனைச்சாலையில் ஒரு பழைய பாட்டரியையும், ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரையும், நல்லனவும் துருவேறியனவுமாகிய சில கம்பிகளையும் வைத்தல் வேண்டும். ஆசிரியர் ஏதேனும் ஒரு குறையை மறைவாக அமைக்க, மாணவர் ஒரு பொருளையும் மாற்றாமல் மீட்டர் ஒன்றைக்கொண்டே அதனைக் கண்டறிதல் வேண்டும். பாட்டரியிலிருந்து எரியும் இயல்புள்ள ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடுமாதலின் அருகே தீயும் தீப்பொறியும் கூடா என்பது போன்ற எச்சரிக்கைகளையும் அங்கேயே கற்பித்துவிடலாம். கலைப்பிரிவு மாணவர்க்கும் இஃது ஏற்றதே. ஐயம், பிரிவு, சோதனை, துணிவு என்னும் ஒழுங்கு எத்துறைக்கும் பொது.

பெருஞ்செலவு ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. பயனோ, நாளை ஓர் ஏழை ஓட்டுநரின் அருகில் நம் மாணவன் நிற்கும்போது விளங்கும். யான் நின்றதுபோல் அவன் வாளா நில்லாதிருத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இதனை ஆய்ந்து ஆவன செய்வார்களாக.