வாக்கிங்கும் வடையும்

காஞ்சிபுரம் ராஜ வீதிகளில் விடியற்காலை விறுவிறுவென்று நடப்பவர்களை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டுமானால் டிபன் கடைக்குத்தான் போக வேண்டும். காலில் ஷூ, கழுத்தில் துண்டு, கையில் காபி டம்ளர். "இவ்வளவு தூரம் நடந்தாச்சு, ஒரு வடை தின்னா என்ன ஆயிடப் போகுது?" நடந்தால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கை கொடுக்கிற தைரியம் இது.

இளைக்காது. கோபித்துக்கொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தால், பெயருக்கு இளைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 200 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வரதராஜப் பெருமாள் கோயில் புண்ணியத்தில் ஊர்ப்பெயரோடு உலகம் சுற்றும் காஞ்சிபுரம் இட்லிக்கு மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யோ நல்லெண்ணெயோ மாவிலேயே சேர்ந்துவிடுகிறது. மேலே மிளகாய்ப்பொடி குழைக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரி. உடம்பிலிருந்து ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். ஒரு நாளும் தவறாமல் நடந்து, ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் இருந்தாலும் ஐந்து வாரம் தாண்டும். வடையோடு நடப்பவருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

பத்தாயிரம் அடி என்ற மந்திர எண்ணும் எந்த மருத்துவரின் சீட்டிலும் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை அமைந்தது. நல்ல திட்டம்தான். அதன் பெயரில் இருப்பது 'நலம்'. அதை 'எடை' என்று வாசிப்பது நாம்தான்.

அந்தக் காலத்து மனிதர்கள் நடந்து நடந்தே ஒல்லியாக இருந்தார்கள் என்பார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பகலெல்லாம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்து, நாடா தள்ளியவர். எங்கே நடந்தார்? அவருடைய ஒல்லி உடம்புக்குக் காரணம் கூலியும் அந்தக் கூலிக்குக் கிடைத்த கூழும். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடியில் ஆண்கள் நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2012இல் அளந்து வெளியிட்டபோது, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்களின் அன்றாடக் கலோரிச் செலவு அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளுடையதைப் போலத்தான் இருந்தது. நடையில் செலவானதை உடம்பு வேறு வேலைகளில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டுகிறது என்பது பான்ட்சரின் விளக்கம். உடம்பு லேசுப்பட்ட கணக்குப்பிள்ளை அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் நடந்தே எட்டு கிலோ குறைந்தாராமே? விசாரித்தால், நடக்கத் தொடங்கிய அதே வாரம் ராத்திரி பரோட்டாவையும் நிறுத்தியிருப்பார். பெயர் மட்டும் ஷூவுக்குப் போய்விடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 40 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடையோடு இருக்கிறார்கள். இவர்களிடம் "வாக்கிங் போங்க" என்று சொல்லும் மருத்துவர்கள் ஏராளம். மத்தியானம் சோறு எத்தனை கரண்டி என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த நம்பிக்கையால் வரும் நஷ்டம் பெரிது. இரண்டு மாதம் நடந்தும் எடை மெஷினின் முள் அசையாததால் ஷூவைப் பரணில் போட்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை அது மூன்றாண்டு கவனித்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது; தினமும் அரை மணி விறுவிறு நடை, உணவில் கட்டுப்பாடு என்று பழக்கப்பட்டவர்களில் 39 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. இவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் இவர்களில் பலரும் முதல் வருஷமே நடையை நிறுத்தியிருப்பார்கள்.