பழைய வண்டியும் பாராத உறுப்பும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் ரயரைத் தட்டிப் பார்க்கின்றனர். பற்றறிக்கு நீர் வார்க்கின்றனர். வண்ணம் மங்கின் மறுவண்ணம் பூசுகின்றனர். ஆயின் இயந்திரத்தின் முன்புற மூடிக்குள் ஓடும் ரைமிங் செயினையும், அதனைக் காக்கும் கைட், ரென்ஷனர் என்னும் சிற்றுறுப்புக்களையும் நினைப்போர் மிகச் சிலரே. "ஓடுகின்ற வண்டியை ஏன் கழற்ற வேண்டும்?" என்பது பலரது வாதம். அவ்வாதம் பிழையென்பதே எனது துணிபு.

2020ஆம் ஆண்டு பங்குனியில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பெற்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளிற் பழைய வண்டிகளே பல குடும்பங்களின் பாரத்தைச் சுமந்தன. திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் கூடும் செங்கலடிச் சந்தியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியே மலைநாடு நோக்கிச் செல்லும் வண்டி, இடைவழியில் இயந்திரம் பழுதுற்று நிற்குமாயின், பயணமும் கெடும், கைப்பொருளும் கரையும்.

சங்கிலியின் தொழில் யாது? கிராங் தண்டு இருமுறை சுழலக் காம் தண்டு ஒருமுறை சுழலல் வேண்டும். அக்கணக்குப் பிழையாது காப்பது சங்கிலி. அதன் இணைப்பு ஊசிகள் தேயத் தேயச் சங்கிலி நீண்டு தளரும். ரென்ஷனர், வில்லின் விசையாலேனும் எண்ணெயின் அழுத்தத்தாலேனும் அத்தளர்வை ஏற்கும். கைட், சங்கிலி அலையாவண்ணம் தாங்கும். 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆயிரத்தில் காம் பற்சில்லிற் பொருத்திய இறப்பர் வளையங்களே இப்பணியைச் செய்தன. ரொயோற்றா கொறோலாவின் 'கே' வகை இயந்திரங்களிலோ தனி ரென்ஷனர் அமைந்தது.

இறப்பரும் பிளாஸ்ரிக்கும் வெப்பத்தாலும் அழுக்கேறிய எண்ணெயாலும் இறுகி வெடிக்கும். உடைந்த துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் வீழ்ந்து சல்லடையை அடைக்கும். சங்கிலி ஒரு பல் தாண்டினும் வலுக் குன்றும். சில இயந்திரங்களிற் பல பற்கள் தாண்டின், பிஸ்ரன் மோதி வால்வுகள் வளையும்.

இக்கேடு அறிவியாது வருவதன்று. காலையில் இயக்கியதும் முன்புறத்தே சலசலவென ஓசையெழுந்து, எண்ணெய் ஏறியவுடன் அடங்குமாயின், அது முதல் எச்சரிக்கை. அடங்காதாயின் தாமதித்தல் கூடாது. மூடியைத் திறவாமலே செய்யத்தக்க சோதனையும் உண்டு. காம் தண்டினால் டிஸ்ரிபியூற்றர் இயங்கும் வண்டிகளில், பற்றறி இணைப்பை நீக்கி, டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றிக் கிராங் தண்டைக் கையால் முன்னும் பின்னும் மெல்லத் திருப்புக. உள்ளிருக்கும் ரோற்றர் உடனே அசையாது பிந்துமாயின், சங்கிலி தளர்ந்தமைக்கு அஃது அறிகுறி. எண்ணெய் வடிக்குங்கால் இறப்பர், பிளாஸ்ரிக் துணுக்குகள் உளவோ எனவும் நோக்குக.

சிலர் ஓசையை அடக்கத் தடித்த எண்ணெயை ஊற்றுகின்றனர். இது நோயைத் தீர்ப்பதன்று; நோயின் குறியை மறைப்பதே. விற்கும்பொருட்டு அவ்வாறு செய்தல் வாங்குவோரை வஞ்சித்தலுமாகும். சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய கைட்டையும் ரென்ஷனரையும் விட்டுவைத்தலும் பொய்ச் சிக்கனமே. மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பற்சில்லின் பற்கள் கொக்கிபோல் தேய்ந்திருப்பின் அதனையும் மாற்றுக. உரிய காலத்தில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுதலே யாவற்றினும் மலிவான காப்பு.

மற்றொன்றும் கூறல் வேண்டும். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, "குறையொன்றுமில்லை" என்று கூறி மூடின், "ஒன்றும் மாற்றவில்லையே, கூலி எதற்கு?" என்று கேட்கின்றோம். இவ்வாறு கேட்பின் மறுமுறை அவர் பாராதே விடுவார்; அன்றி, வேண்டாத உறுப்பை மாற்றிக் கூலி பெறுவார். சோதித்தலும் தொழிலே, அதற்கும் கூலியுண்டு.

வருமுன் காத்தலை வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தார். காவாமை வெறும் கவலையீனமன்று, குற்றமேயாம் என்பது அதனாற் பெறப்படும். பழைய வண்டி வைத்திருக்கும் நம் கல்லூரிப் பழைய மாணவர், அடுத்த நீள்பயணத்தின் முன்னரேனும் அம்மூடியின் உள்ளிருந்து வரும் ஓசைக்குச் செவிகொடுப்பாராக.