மஹரகமவுக்குப் போக இன்னொரு காரணம்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்த கையோடு சங்கக் காரியாலயத்துக்குத் தாய் தகப்பன்மார் வரத் தொடங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் கையில் சம்பளச் சிட்டை இருக்கும். இப்போது பளபளப்பான விளம்பரத் தாள் இருக்கிறது. "டென்டல் நேர்ஸ் பயிற்சி. ஆறே மாதம். சான்றிதழ் நிச்சயம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேலை." வெள்ளை அங்கி போட்ட பெண்பிள்ளை ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருக்கும்.

அண்மையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். தோட்டை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டியே எடுத்து, மகளை அப்படியொரு பயிற்சியில் சேர்த்திருக்கிறார். பிள்ளை ஒழுங்காகப் படித்தது, சான்றிதழும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், இதை வைத்து அரசாங்கப் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது டவுனில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறது. பஸ் காசும் சாப்பாடும் போக மிஞ்சுவது கொஞ்சம். அடகு இன்னும் மீளவில்லை. "ஐயா, நாங்க யாருகிட்டப் போயி கேட்டிருக்கணும்?" என்றார் அந்தத் தாய். இந்தத் தலையங்கம் அந்தக் கேள்விக்காக எழுதப்படுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். 'டென்டல் நேர்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பல் வைத்தியரின் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது, கிருமி நீக்குவது, நோயாளர் பதிவைப் பார்ப்பது. இங்கிலாந்தில் இந்தப் பெயருக்கு இதுதான் அர்த்தம். அங்கே 2008 முதல் அந்த நாட்டுப் பல் மருத்துவப் பேரவையில் பதிவு செய்யாமல் யாரும் டென்டல் நேர்ஸ் என்று வேலை செய்ய முடியாது. ஆறு மாதச் சான்றிதழோடு விமானம் ஏறலாம் என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பதிவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மற்றது, பிள்ளைகளின் பல்லுக்குத் தானே சிகிச்சை செய்யும் வேலை. நம்முடைய நாட்டில் அரசாங்க சேவையில் இருப்பது இதுதான். முன்பு டென்டல் நேர்ஸ் என்றார்கள், இப்போது பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்பது பதவிப் பெயர். பிள்ளைகள் 'பல்லு மிஸ்' என்பார்கள். சூத்தைப்பல்லை அடைப்பது, காப்பாற்ற முடியாத பாற்பல்லைப் பிடுங்குவது, பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்வது, சரியாகப் பல் துலக்கச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர்கள் கையில். கஷ்டமான நோயாளரைப் பல் வைத்தியரிடம் அனுப்புவார்கள்.

இந்த முறை பிறந்தது நியூசிலாந்தில். முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைப் பார்த்து அந்த நாடு அதிர்ந்து போனது. எல்லாப் பாடசாலைக்கும் பல் வைத்தியரை அனுப்ப ஆள் போதாது. இளம் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்க்க வைக்கலாம் என்று தோமஸ் ஹன்டர் என்ற பல் வைத்தியர் முன்வந்தார். 1921இல் வெலிங்டனில் பயிற்சி தொடங்கியது. (அங்குள்ள பிள்ளைகள் அந்தக் கிளினிக்குகளுக்குக் 'கொலை வீடு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். பல்லுப் பிடுங்கப் பயப்படாத பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது?) அதே முறை பின்னர் ஆசிய நாடுகளுக்கும் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு 1950களில் மஹரகமவில் நம் நாட்டுப் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. இன்றும் பயிற்சி அங்கேதான்.

மஹரகம என்றால் நம் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். புற்றுநோய் ஆஸ்பத்திரி. வாயில் புண் ஆறவில்லை என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து டிக்கோயா கிளங்கன், நுவரெலியா என்று அனுப்பப்பட்டு, கடைசியில் மஹரகமவுக்குப் போன தாத்தா பாட்டி இல்லாத லயம் குறைவு. அதே ஊரில், நம் பேரப்பிள்ளைகளின் வாயைப் பார்க்கும் வேலைக்கு ஆட்களைப் பயிற்றுகிறார்கள் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு வரலாறும் ஒரு காரணம். அந்தப் பாடசாலை தொடங்கிய காலத்தில் நம் பெண்பிள்ளைகள் அதன் வாசலையே மிதித்திருக்க முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964 ஒப்பந்தம், கப்பல், காத்திருப்பு என்று இரண்டு தலைமுறை போனது. மிஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்ந்தது 2003இல்தான். மற்றவர்களின் பாட்டி தாதியாகவும் ஆசிரியையாகவும் ஓய்வூதியம் வாங்கிய நாட்டில், நம் பாட்டிக்குக் கூடையைத் தவிர வேறு வழி திறந்திருக்கவில்லை. சட்டம் மாறியபின்னும் பழக்கம் உடனே மாறிவிடுவதில்லை.

இப்போது வழி என்ன என்று பார்ப்போம். சுகாதார அமைச்சு ஆட்களைச் சேர்க்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். சாதாரண தரத்தில் மொழி, கணிதம், விஞ்ஞானம் உள்ளிட்ட பாடங்களில் நல்ல பெறுபேறு, உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்பார்கள். எந்தப் பாடம், எத்தனை சித்தி, வயதெல்லை என்ன என்பதை அந்தந்த முறை வரும் அறிவித்தலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் விண்ணப்பித்த கணக்கை நம்ப வேண்டாம். தெரிவானால் மஹரகமவில் இரண்டு வருடப் பயிற்சி. இதற்குக் கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. ஆகவே, 'அரசாங்க டென்டல் நேர்ஸ் வேலைக்குப் பயிற்சி' என்று யாராவது உங்களிடம் காசு கேட்டால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

தனியார் பயிற்சி எல்லாமே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. பல் வைத்தியரின் உதவியாளர் வேலையும் கௌரவமான வேலைதான். ஆனால் காசு கட்டுமுன் இரண்டு விடயம் கேளுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? அந்தப் பாடநெறிக்குத் தேசிய தொழிற்தகைமை மட்டம் உண்டா? 'ஆமாம்' என்று வாயால் சொன்னால் போதாது, பதிவு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் அடகுக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் உண்மையான இடர் இதற்கெல்லாம் முன்னால், பதினாறு வயதில் இருக்கிறது. சாதாரண தரம் முடித்த பிள்ளை உயர்தரத்துக்கு எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதிலேயே மஹரகம வாசல் திறப்பதும் மூடுவதும் நடந்துவிடுகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கலைப்பிரிவில்தான். ஆசையால் அல்ல. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவை நடத்தும் பாடசாலைகள் குறைவு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் போன்ற டவுன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப, விடியற்காலை பஸ்ஸும் டியூஷன் காசும் வேண்டும். நல்ல கெட்டித்தனமான பிள்ளையிடம்கூட, "ஆர்ட்ஸ் படிச்சா டீச்சராகலாம், சயன்ஸ் நமக்குச் சரிவராது" என்று சொல்லிவிடுகிறோம். ஆசிரிய நியமனம் நம் சமூகத்துக்குப் பெரிய வாசலாக இருந்தது, மறுக்கவில்லை. அது ஒன்றுதான் வாசல் என்று எத்தனை காலம் இருப்பது?

இந்த இடத்தில் சங்கம் தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நாம் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட விஞ்ஞான ஆசிரியருக்காகக் கொடுக்கவில்லை. கொழுந்து நிறைக்காகத் துரையிடம் சண்டை போடத் தெரிந்த எங்களுக்கு, கல்வி வலயக் காரியாலயத்தின் படி ஏறத் தெரியாமல் போய்விட்டது.

பல் ஒரு பெரிய விடயமா என்று கேட்பவர்களும் உண்டு. 2015/16 தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் சூத்தைப்பல் இருந்தது. தோட்டத்தில் இதன் விலை வேறு மாதிரி. இரவு முழுக்கப் பிள்ளை பல்வலியில் அழுதால் தாய்க்குத் தூக்கமில்லை. காலையில் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் பேர் இல்லை. கிராம்பை வைத்து அடக்கிவிட்டு மலைக்குப் போனால், பிள்ளை கன்னம் வீங்கி வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பாற்பல்தானே விழுந்துவிடும் என்று விட்ட சூத்தையினால் பின்னால் வரும் பல்லும் கோணலாகிறது. பெரியவர்களின் கதையை எல்லாரும் அறிவோம். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை. வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட முடிவு இன்னும் நம் பிள்ளைக்காம்பராவரை வந்து சேரவில்லை.

அதைக் கொண்டு வந்து சேர்க்கக்கூடியவர் யார்? நம் தமிழைப் பேசும் பல்லு மிஸ். 'எங்கே வலிக்குது?' என்று பிள்ளை வீட்டில் கேட்கும் அதே பேச்சில் கேட்கும் ஒருவர். கதிரையில் ஏறப் பயந்து அழும் ஆறு வயதுப் பிள்ளையிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாதானம் சொல்ல முடியுமா?

ஆகவே கல்வி, சுகாதார அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுதான். தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகளை மாவட்டத்தில் கூட்டுங்கள், இருக்கும் பாடசாலைகளின் ஆசிரிய வெற்றிடங்களை நிரப்புங்கள். தோட்டப் பாடசாலைகளுக்குப் பல் சிகிச்சைக் குழு எந்த மாதம் வரும் என்பதை முன்கூட்டியே தமிழில் அறிவியுங்கள். பற்சிகிச்சையாளர் வெற்றிடங்களை நிரப்பும்போது தமிழ் பேசும் பிரதேசங்களின் தேவையைக் கணக்கில் எடுங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேலை. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளிவருகிறது. சுகாதார அமைச்சின் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்தால் அதன் பிரதியைக் கொழுந்து மடுவத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் ஒட்டுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழை என்று கண்டுபிடிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று ஆகியவற்றை இப்போதே சரிபார்த்து வையுங்கள். பெயர்ப் பிழை திருத்த வேண்டியவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வரலாம். விளம்பரத் தாளோடு வருகிறவர்களும், காசு கட்டுவதற்கு முந்திய நாளே வாருங்கள்.